முதுகுவலி கைமாறிய நாள்

வலியைக் கைமாற்றும் பட்டை வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. யார் இடுப்பில் கட்டுகிறார்களோ வலி அவர்களுக்கு. அதோடு ஒரு நியாயமும் ஊரில் படிந்துவிட்டது: அதிகம் சம்பாதிக்கிற உடம்பு நோகக் கூடாது. விலைபோகிற சரக்கை யாராவது மழையில் நனைய விடுவார்களா?

அப்படித்தான் ராஜகனி, மளிகைக்கடை வைத்திருக்கும் தன் கணவன் ஜெயமுருகனின் முதுகுவலியை ஒன்பது வருடமாகச் சுமந்தாள். அதோடு சமைத்தாள், நூற்பாலை வேலைக்கும் போனாள்.

ஆவணியில் ஆலையில் அவளை மேற்பார்வையாளர் ஆக்கினார்கள். சம்பளம் கடை வருமானத்தைத் தாண்டிவிட்டது. ஜெயமுருகன் பேச்சு மாறாத விருதுநகர் வியாபாரி. அவள் இடுப்பிலிருந்த பட்டையைத் தானே வாங்கிக் கட்டிக்கொண்டான்.

மத்தியானத்துக்குள் கடையைச் சாத்தியாகிவிட்டது. இரண்டு டாக்டர்கள் வந்து போனார்கள். அவன் அம்மா ஆட்டுக்கால் சூப்போடு வந்து, "எம்புள்ளைய இப்படிப் பாத்ததே இல்லையே" என்று அழுதாள். ஒன்பது வருடத்துக்குப் பிறகு நிமிர்ந்து நின்ற ராஜகனி, அந்தச் சந்தோஷத்தில் பரணைத் துடைத்தாள்.

மறுநாள் காலை ஜெயமுருகன் முனகினான். "கனி, அந்த மேற்பார்வை வேலை வேண்டாம்னு எழுதிக் குடுத்துரு."

"ஒம்பது வருசம் நான் சுமக்கலியா?"

"ஒனக்குப் பழகிப்போச்சு. எனக்குப் புதுசுல்ல."

மாமியார் சூப்பை ஆற்றியபடி மருமகளையே பார்த்தாள். பேரம் படிந்துவிட்டது. ராஜகனி காகிதத்தை எடுத்தாள்.

"என்ன காரணம்னு எழுத?"

"ஒடம்புக்கு முடியலன்னு எழுது."

"யார் ஒடம்புக்கு?"

அவன் அதற்குள் பட்டையை அவிழ்த்து நீட்டியிருந்தான்.