சுவருக்குள் ஒரு கதவு

“அது வெறும் சுவர் இல்லம்மா. உள்ளே கதவு இருக்கு.”

கோரின் திரும்பிப் பார்த்தாள். சொன்னவர் எல்டன். எண்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். அவருடைய கோட்டைக் கையில் சுமந்தபடி மனைவி மார்லிஸ் பின்னால் நின்றிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வந்த கூட்டமெல்லாம் கலைந்த பிறகு வந்து சேர்ந்தவர்கள்.

எல்டன் கூடத்துக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவிலிருந்த சுவரின் ஓரத்தில் விரலை நுழைத்து எதையோ நெம்பினார். சுவருக்குள்ளிருந்து கனமான ஓக் மரக் கதவு ஒன்று கரகரவென்று நகர்ந்து வெளியே வந்தது.

கோரின் தரகர். சிகாகோ பக்கத்து எல்ஜின் நகரத்தின் அந்த நூறு வருஷத்து மரவீட்டை மூன்று வாரமாக நாற்பது பேருக்காவது சுற்றிக் காட்டியிருப்பாள். அப்படி ஒரு கதவு இருப்பதே அவளுக்குத் தெரியாது. வீட்டை வாங்கிப் புதுப்பித்து விற்கிற டிரென்டுக்கும் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் விளம்பரத்தில் முதல் வரியாகப் போட்டிருப்பான்.

“இந்த வீட்ல இருந்திருக்கீங்களா சார்?”

“இருந்தேனாவா? மாடியில அந்த மூலை ரூம்லதான் பொறந்தேன்,” என்றார் எல்டன்.

மார்லிஸ் கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு வீட்டைச் சுற்றிக் காட்டியது எல்டன்தான், பார்த்தது கோரின். ஜன்னலடியில் உட்காரும் பலகையைத் தூக்கினால் உள்ளே போர்வை வைக்கிற பெட்டி. மாடிப்படி திரும்புகிற இடத்தில் ஒரு குட்டி ஜன்னல். கண்ணாடி அலமாரியின் மேல்தட்டு அப்பாவுக்கு மட்டும். தொட்டால் காதைத் திருகுவார். அண்ணன் ரேமண்ட் யுத்தத்துக்குக் கிளம்பிய அன்று, தெருக்கோடியில் அவன் தொப்பி மறைகிற வரை அம்மா அந்த ஜன்னலடியில் உட்கார்ந்து பார்த்தாளாம். பிறகு தினமும் சாயங்காலம் அங்கேயே வந்து உட்காருவாளாம். ரேமண்ட் திரும்பி வரவேயில்லை. சொல்லும்போதே எல்டனின் கை அந்தப் பலகையை மெல்லத் தடவிக்கொண்டிருந்தது.

சமையலறையில் மட்டும் திகைத்து நின்றுவிட்டார். வெள்ளைக்கல் மேடையையும் பளபளக்கும் அடுப்பையும் மேலும் கீழும் பார்த்தார்.

“என்ன இது, ஆஸ்பத்திரி மாதிரி பண்ணி வெச்சிருக்காங்க? அம்மா பார்த்தா கரண்டியாலயே ரெண்டு போடுவா.”

பின்பக்க ஜன்னல் வழியே பார்த்து, சோளக்காடு எங்கே என்று கேட்டார். அங்கெல்லாம் வீடு வந்துவிட்டது என்று கோரின் பக்குவமாகச் சொன்னாள். அவர் தலையாட்டிக்கொண்டார்.

வாசல் முகப்பில் வைத்து மார்லிஸ் விஷயத்தைச் சொன்னார். ஐந்து வருஷமாக எல்டனுக்கு ஞாபகம் நழுவிக்கொண்டே போகிறது. சில நாள் மனைவியின் பெயரே நினைவில் இருப்பதில்லை. இப்போது இருக்கும் முதியோர் இல்லத்தில், சாயங்காலமானால் கதவருகே போய் நின்றுகொண்டு, வீட்டுக்குப் போகலாம் என்பார். அங்கிருந்து அவரைக் கூட்டிவந்துவிட மார்லிஸுக்கு ஆசை. தனக்குப் பார்வை மங்கிவிட்டதால் கார் ஓட்ட முடியாது. இங்கே என்றால் ரொட்டிக்கடை, நூலகம், தேவாலயம், டாக்டர் எல்லாமே நடந்து போகிற தூரம். ஆனால் கையில் இருக்கும் பணம், கேட்கிற விலைக்குக் கொஞ்சம் குறைவு.

கோரினுக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. சிகாகோவிலிருந்து வந்த இளம் ஜோடி ஒன்று முழு விலையும் தரத் தயாராக இருந்தது. அலமாரியோடு நடுச்சுவரையும் இடித்து, கீழ்த்தளத்தை ஒரே கூடமாக்குவது அவர்கள் திட்டம்.

பதினோரு வருஷத் தரகில், விலையைக் குறைத்துக்கொள் என்று அவள் யாரிடமும் கேட்டதில்லை. அன்று டிரென்டைப் போனில் கூப்பிட்டுக் கேட்டாள்.

“இது அவர் பொறந்த வீடு, டிரென்ட். இடிக்கப் போறவங்களுக்கா குடுக்கப் போற?”

சுவருக்குள்ளிருந்து வந்த கதவைப் பற்றியும் சொன்னாள். அவன், “அந்தக் கதவு நிஜமாவே இழுக்க வருதா?” என்று கேட்டான்.

“வருது.”

“சரி, அவங்களுக்கே குடுத்துடு.”

வியாழக்கிழமை அந்த வீட்டிலேயே பத்திரத்தை விரித்து வைத்தார்கள். ஜன்னலடியில் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் எல்டன் கையாட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போகலாம் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

“பொறந்த வீட்டையே திரும்ப வாங்கறது எத்தனை பேருக்குக் கிடைக்கும்?” என்றாள் கோரின்.

கையெழுத்துப் போடப் போன மார்லிஸின் கை நின்றது. எல்டன் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நீங்களா நினைச்சுக்கிட்டீங்க, நானும் மறுத்துச் சொல்லல. தப்புதான். அவர் பொறந்த வீடு தூரத்துல, நெப்ராஸ்கா மாநிலத்துல இருந்தது. கல்யாணமாகி நானும் ரெண்டு வருஷம் அங்கே இருந்தேன். நெடுஞ்சாலை போடறதுக்காக அறுபத்தொண்ணுலயே இடிச்சுட்டாங்க. அந்தக் காலத்துல தபால்ல பட்டியல் பார்த்து ஆர்டர் பண்ணினா, மொத்த வீட்டையும் துண்டு துண்டா ரயில்ல அனுப்புவாங்க. அவங்கப்பா வரவழைச்ச அதே நம்பர், அச்சு அசலா அதே மாதிரி வீடு இது. தேடிக் கண்டுபிடிக்க எனக்கு நாலு வருஷமாச்சு. எல்டன் இந்த ஊர்ல முதல்முதலா கால் வெச்சதே போன ஞாயித்துக்கிழமைதான்.”

கோரின் ஜன்னலடியில் கையாட்டிக்கொண்டிருந்த எல்டனைப் பார்த்தாள். பத்திரத்தை மார்லிஸ் பக்கம் நகர்த்தினாள்.

“எல்டனுக்குத் தெரிய வேண்டாம்,” என்றாள். “கையெழுத்துப் போடுங்க.”