கொரிய மொழியில் ‘சாப்பிடு’

“மொகோ,” என்றேன்.

நாய் தட்டைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. சாப்பிடவில்லை.

கொரிய மொழியில் ‘சாப்பிடு’ என்பதற்கு அதுதான் வார்த்தை என்று, தாம்பரத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் வாஜித் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தான். அம்மாவுக்கு அங்கேயும் கிட்டத்தட்ட அம்மாதானாம், அப்பாவுக்கு அப்பாதானாம். பாதி மொழி முடிந்தது என்று நினைத்தேன்.

நாய் எங்கள் மாடியில் குடியிருந்த கொரியாக்காரருடையது. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. இரண்டு வருடம் இருந்தார். படியில் பார்த்தால் இடுப்பை வளைத்து ஒரு வணக்கம், பேச்சு அவ்வளவுதான்.

உலகத்தில் யாரும் கார் வாங்கவில்லை என்று மூன்று நாளைக்கு முன் கம்பெனி அவரைத் திடீரென ஊருக்கு அனுப்பிவிட்டது. நாய்க்கான பேப்பர் வரும்வரை பார்த்துக்கொள்ளும்படி சைகையில் கேட்டு, சங்கிலியை அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் ஒரு வார்த்தை சொன்னால்தான் அது தட்டில் வாய் வைக்கும். துணி காயப்போடப் போகும்போது அம்மா பார்த்திருக்கிறாள். என்ன வார்த்தை என்று மட்டும் தெரியாது. குனிந்து அதன் காதோடு சொல்வாராம்.

அவருக்குப் போன் செய்தால் ஒரு பெண் குரல் நீளமாக எதையோ சொல்லிவிட்டு வைத்துவிட்டது. பதிவு செய்த குரல் என்று புரிவதற்குள் நான் அவளிடம் இரண்டு முறை “மொகோ” சொல்லியிருந்தேன்.

நேற்று வந்த மாட்டு டாக்டர், இன்றைக்கும் சாப்பிடாவிட்டால் தன் கையில் எதுவும் இல்லை என்றார்.

அம்மாவும் அவளால் ஆனதைச் செய்தாள். வெளிநாட்டு ஜீவன் மிரளக் கூடாது என்று வீட்டில் கத்துவதை நிறுத்தினாள். எனக்கே “சாப்பிட வாங்க” கிடைத்தது. கூச்சமாக இருந்தது.

“மொகோ,” என்றேன், கொஞ்சம் இழுத்து.

“மச்சான், அதைத் திட்டுறேன்னு நெனைக்குதுடா,” என்றான் பக்கத்தில் நின்ற வாஜித்.

நாய் தலையைத் தரையில் வைத்துக்கொண்டது. கண்ணை மூடியது.

சமையலறை ஜன்னலில் அம்மாவின் பொறுமை முடிந்தது.

“டேய் விக்கி, எவ்ளோ நேரண்டா கூவிகினே இருப்பேன். வந்து கொட்டிக்கோடா.”

நாய் எழுந்தது. தட்டில் வாய் வைத்தது.

கறிச்சோறு உள்ளே போகும் சத்தம் மட்டும் கேட்டது.

நிமிர்ந்து பார்த்தேன். சமையலறை ஜன்னலுக்கு நேர் மேலே மாடி வீட்டு ஜன்னல். இரண்டு வருடமும் திறந்தே இருந்த ஜன்னல்.

வெளியே வந்த அம்மாவும் அதைத்தான் பார்த்தாள்.

“போயும் போயும் இத்தையா கத்துகினாரு அந்த மனுசன்.”

தட்டு காலியானது. அம்மா மறுபடி சோறு போட்டாள். நாய் தொடவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று அம்மா எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

பிறகு குனிந்து, அதன் காதோடு சொன்னாள்.