ஒரு முழம் தள்ளி

“காலை எடும்மா. நீ கால் வெச்சிருக்கிறது என் வாசப்படி” என்றாள் தையல்காரி.

அதிகாரிப் பெண் அவசரமாகக் காலை இழுத்துக்கொண்டாள். படகு ஒருமுறை ஆடி நின்றது.

சுற்றிலும் கடல். ஊர் இருந்ததற்கு மிச்சமாகத் தண்ணீர்த் தொட்டியின் தலை மட்டும் தெரிந்தது. அதன் மேல் ஒரு நீர்க்காகம், கிரயம் பண்ணி வாங்கியதுபோல உட்கார்ந்திருந்தது.

புகை கக்கிப் பெரிதான நாடுகள், கடல் விழுங்கிய வீடுகளுக்கு ஈடு கொடுக்க ஒரு நிதி வைத்திருந்தன. அந்த நிதிக்கு ஒரு விதி இருந்தது. வீட்டை இழந்தவர் அது நின்ற இடத்துக்கே வந்து, தன் வாயால் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் ஆமாம் போட வேண்டும்.

இதுதான் கடைசிப் படகு. இன்று ஒரு வீடு பதிவாகவில்லை என்றால், மேட்டுக் குடியிருப்பில் அதற்கென்று ஒதுக்கிய மனை வேறு யாருக்கோ போய்விடும்.

பக்கத்து வீட்டுக்காரி படகின் மறுமுனையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரொட்டி சுட்டு விற்றவள். இருவரும் பேச்சை நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன. எல்லாம் ஒரு சுவரால் வந்த வினை. சுவர் போயிற்று, வீடுகள் போயின. பகை மட்டும் துளி நனையாமல் கரையேறிவிட்டது.

ஆள் மேல் ஆள் அனுப்பிக் கெஞ்சித்தான் தையல்காரி அவளை வரவழைத்திருந்தாள்.

“சாட்சி சொல்லத்தான் வந்தேன். எவன்கிட்டயும் கை நீட்ட வரல” என்று ஏறும்போதே ரொட்டிக்காரி கடலைப் பார்த்துச் சொல்லியிருந்தாள்.

“இது தானம் இல்லம்மா. உங்க உரிமை” என்றாள் அதிகாரி. ஊர் ஊராக இதையே சொல்லி அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

கடல் கேட்டது. ரொட்டிக்காரி கேட்கவில்லை.

தையல்காரி படகோட்டியின் கையிலிருந்து துடுப்பைப் பிடுங்கினாள்.

“இது என் முன்ரூம். மெஷின் இங்க. சன்னல் அங்க. இதோ, இதுதான் என் சுவர்.”

தண்ணீரில் நீளமாக ஒரு கோடு கிழித்தாள். பிறகு ரொட்டிக்காரியை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, ஒரு முழம் தள்ளி இன்னொரு கோடு கிழித்தாள்.

“இல்ல, இது. இந்தக்கா என் இடத்துல அடுப்பைக் கட்டிக்கிட்டுத்தான் ஊருக்கே ரொட்டி சுட்டுச்சு.”

“யாருடி இடம்?”

நீர்க்காகம் எழும்பிப் பறந்தது.

“என் அடுப்பு என் இடத்துலதான்டி இருந்துச்சு! இதோ, இங்க என் வீடு. இது மாவு வெக்கிற அறை. பின்னால ரெண்டு ரூம். எம் புருசன் கண்ணை மூடினது அந்த மூலையில. உன் சுவர் அந்தாண்ட போகுது, கண்ணு அவிஞ்சா போச்சு?”

கை நீட்ட மாட்டேன் என்றவள் எழுந்து நின்று இரண்டு கைகளையும் நீட்டி நீட்டிக் காட்டினாள். படகு தத்தளித்தது. படகோட்டி தன் குலசாமிகளை எல்லாம் கூப்பிட்டான்.

அதிகாரி கைபேசியை நீட்டிப் பிடித்து, பயந்துகொண்டே கேட்டாள்: “இதை உங்க வாக்குமூலமாப் பதிஞ்சுக்கலாமா?”

“நல்லாப் பதிஞ்சுக்கோ! என் வீடு இங்கதான் இருந்துச்சுன்னு உலகத்துக்கே தெரியட்டும்!”

அதிகாரி தையல்காரியைப் பார்த்தாள்.

“ஆமாம். இங்கதான் இருந்துச்சு” என்றாள் தையல்காரி, பல்லைக் கடித்துக்கொண்டு.

“போதும்” என்றாள் அதிகாரி.

படகு பாதி தூரம் திரும்பிய பிறகுதான் ரொட்டிக்காரிக்கு உறைத்தது.

“உன் வீட்டை எங்கடி பதிஞ்சாங்க?”

பல வருடங்களுக்குப் பிறகு, சண்டைக்கு இல்லாமல் அவள் தன்னிடம் கேட்ட முதல் கேள்வி. தையல்காரி தூரத்துக் கரையைப் பார்த்தபடி பதில் சொன்னாள்.

“அது போன மாசமே முடிஞ்சுதுக்கா. அந்தப் பக்கத்து வீட்டு மளிகைக்கடைக்காரர் ஆமாம் போட்டாரு.”

ரொட்டிக்காரி அவள் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

மேட்டுக் குடியிருப்பில் தையல்காரியின் புது வீட்டை ஒட்டிய மனை மட்டும் இன்னும் காலியாகக் கிடந்தது. அதன் எல்லைக் குச்சியைப் பிடுங்கி, அந்தக் காலி மனைக்குள்ளேயே ஒரு முழம் தள்ளி நட்டுவிட்டுத்தான் அவள் காலையில் படகேற வந்திருந்தாள்.