சம்பளத்தில் மாற்றம் உண்டா?

ஆலை நண்பன் காரியின் முழங்காலைப் பற்றி மனைவி தூலா கேட்டபோதுதான், காரை ஓட்டிக்கொண்டிருந்த ரெய்யோவின் கால் ஆக்ஸிலரேட்டரை அழுத்தத் தொடங்கியது.

"ஆபரேஷன் முடிஞ்சு காரி ஆலைக்கு வந்துட்டானா?"

"வந்துட்டான். நொண்டிக்கிட்டுதான் நடக்கிறான். ஆனா வாய் மட்டும் கொஞ்சமும் குறையல."

பொய்யில் இது ஒரு தொல்லை. ஒன்றோடு விடாது. அவள் கேட்கக் கேட்க, காரிக்கு ஒரு கைத்தடியும், புது மேலாளரோடு ஒரு சண்டையும் கட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது.

பிளைவுட் ஆலையில் ரெய்யோவுக்கு வேலை போய் இலையுதிர் காலம் முடிந்து, ஏரி உறைந்து, சாலையோரப் பனி இப்போது அழுக்காகவும் ஆகிவிட்டது. இன்னும் தினமும் காலையில் மனைவி கட்டித் தரும் ரொட்டியோடு கிளம்பிக்கொண்டிருந்தான். நூலகம் திறக்கும்வரை ஏரிக்கரையில் காரை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பான்.

முதல் நாளே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிறகு, சொல்லாமல் இருந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. நாள் ஏற ஏற வெட்கமும் ஏறியது.

தூலாவின் தங்கை வீட்டில் பிறந்தநாள் காபி விருந்து. அங்கேதான் போய்க்கொண்டிருந்தார்கள். தங்கை கணவனுக்காக இருக்கும், தூலா மடியில் சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளிக் காலுறையைப் பின்னிக்கொண்டே வந்தாள்.

மிக்கெலி சாலை வளைவில் நீல விளக்கு சுழன்றது.

எண்பதில் போக வேண்டிய இடத்தில் நூற்று நான்கு.

ஜன்னலில் குனிந்த போலீஸ்காரிக்கு அவர்கள் மகள் வயதுதான் இருக்கும். எங்கள் நாட்டில் இந்த வேகத்துக்கு எல்லோருக்கும் ஒரே அபராதம் கிடையாது. அவரவர் சம்பளத்தைப் பார்த்துத்தான் போடுவார்கள். பணக்காரனுக்கும் சுருக்கென்று உறைக்கட்டும் என்று யாரோ நல்ல மனதோடு போட்ட சட்டம்.

"உங்க வரிக்கணக்கு இங்க வந்துடுச்சு," என்றாள், கையிலிருந்த கருவியைப் பார்த்தபடி. "ஆனா இது பழைய கணக்கு. அதுக்கப்புறம் சம்பளத்துல மாற்றம் உண்டா? வேலை போயிருந்தா, குறைஞ்சிருந்தா இப்பவே சொல்லிடுங்க. அபராதமும் அதுக்கேத்த மாதிரி குறையும்."

காருக்குள் பின்னல் ஊசிகளின் சத்தம் நின்றது.

ஒரே ஒரு வார்த்தை போதும். பாதிக்குப் பாதி குறைந்துவிடும். வங்கியில் மிச்சமிருப்பது எவ்வளவு என்று அவனுக்குத்தானே தெரியும்.

தூலா கண்ணாடிக்கு வெளியே உறைந்த ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு மாற்றமும் இல்ல," என்றான். குரல் அவ்வளவு உறுதியாக வந்ததில் அவனுக்கே கொஞ்சம் தைரியம் வந்துவிட்டது. அதோடு வாயை மூடியிருக்கலாம். "போன மாசம் கொஞ்சம் ஏத்திக்கூடக் குடுத்தாங்க."

"அப்படியா? எவ்வளவு?" என்றாள் போலீஸ்காரி.

இப்படியும் ஒருத்தன் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வானா? போட்டுக்கொண்டான். ஒரு தொகை சொன்னான். அவள் அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டாள்.

"ஐந்நூத்தி எழுபத்தாறு யூரோ," என்றாள். பாவம், அவளுக்கே சங்கடமாக இருந்தது. "நேர்மையா சொன்னதுக்கு நன்றி. பல பேர் குறைச்சுத்தான் சொல்வாங்க."

நேர்மை என்ற சொல் கேட்டதும் அவனுக்குக் காது மடலெல்லாம் சுட்டது. கையெழுத்துப் போட்டான்.

போலீஸ்காரி பின்னால் நடந்து போனாள். அவளுடைய வண்டிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

ரெய்யோ சாவியைத் திருப்பவில்லை. தூலா இப்போது ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தான். சம்பளம் ஏறியதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டால், அதற்கும் ஒரு பதில் தயாராக இருந்தது.

அவள் கேட்கவில்லை. பின்னிக்கொண்டிருந்த காலுறையைத் தூக்கி, பிரேக்கின் மேல் இருந்த அவன் காலை எட்டிப் பார்த்து, கண்ணாலேயே அளவெடுத்தாள்.

"உன் தங்கச்சி புருஷனுக்கு அது சின்னதா இருக்குமே," என்றான், பேச்சு கிடைத்த சந்தோஷத்தில்.

"அவனுக்கு இல்ல. உனக்கு." மறுபடி ஊசிகள் அசையத் தொடங்கின. "இந்த ஜோடி கொஞ்சம் கெட்டியாவே பின்னியிருக்கேன். என்னதான் காருக்குள்ள உக்காந்தாலும் ஏரிக்கரையில கால் விறைச்சுப் போகும்ல."

அவனால் அவள் பக்கம் திரும்ப முடியவில்லை. தலையை நிமிர்த்தவே கூசியது. அப்படியானால் காரியைப் பற்றி அவள் கேட்டதெல்லாம், அவன் சொல்லிவிடட்டும் என்று திறந்து வைத்த கதவு. அவன் ஒவ்வொரு முறையும் அதற்குள் ஒரு கைத்தடியை எறிந்துவிட்டு வந்திருக்கிறான்.

வண்டியைக் கிளப்பினான். அறுபதில் போனான்.

பின்னால் கார்கள் வரிசையாகச் சேர்ந்துகொண்டே வந்தன. யாரும் ஹாரன் அடிக்கவில்லை.