முதல் ஏழு

"கதவைத் திற. என்ன கேட்டாலும் தர்றேன்."

"ஒண்ணும் வேண்டாம். சத்தம் போடாம உள்ளயே இருங்க."

வெளித் தாழ்ப்பாள் அசையவில்லை. ஜன்னலில் இரும்புக் கம்பி. செல்போனோ கூடத்தில் சார்ஜில் கிடந்தது. பேச்சாளருக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

அடைத்து வைத்தவள் அவருடைய கடைக்குட்டி. ஆளைப் பார்த்தால் ஆறு வயசு, வேலையைப் பார்த்தால் அறுபது!

பள்ளிவாசல் மண்டபத்தில் முந்நூறு பேர் காத்திருந்தார்கள். முதல் ஏழு வருஷம் பிள்ளையோடு விளையாடு, அடுத்த ஏழில் கற்றுக்கொடு, அதற்கடுத்த ஏழில் தோழனாக இரு. இதை ஊர் ஊராகப் போய்ப் பேசியே பெயர் வாங்கியவர் அவர். மனைவி முன்னாலேயே போய் முன்வரிசையில் உட்கார்ந்தாயிற்று. மகளைக் கூட்டி வருவது இவர் பொறுப்பு. வந்து திறக்க வீட்டில் வேறு நாதியில்லை.

கூடத்தில் போன் அடித்தது.

"அத்தாவுக்கு வேலை இருக்கு. அப்புறம் பேசுங்க" என்று வைத்துவிட்டாள். அட, எங்கேயோ கேட்ட வசனம் மாதிரி இருக்கிறதே என்று நினைத்தார்.

அதட்டலாமா? பக்கத்து வீட்டுக்காரர் காதில் விழுந்தால் மானம் போகும். ஏழு வயசு வரை பிள்ளையை அதட்டாதீர்கள் என்று போன வாரம்தான் அவரிடம் அரைமணி நேரம் அளந்திருந்தார். வசமாக மாட்டிக்கொண்டு திருதிருவென்று முழித்தார்.

சுவரில் பிறைத் தேதி போட்ட காலண்டர். யாரோ சிவப்புப் பென்சிலால் ஒவ்வொரு கட்டமாக அடித்து வந்து, நாளைய கட்டத்தில் வட்டம் போட்டு, இடையில் இன்றைய கட்டத்தை மட்டும் விட்டிருந்தார்கள். வீட்டுக்காரி வேலையாக இருக்கும் என்று திரும்பிக்கொண்டார்.

மறுபடி போன். இந்தத் தடவை அவள் எடுக்கக்கூட இல்லை. அவருக்குப் பொறுமை போயே போய்விட்டது.

"உனக்கு ஏழு வயசாக இன்னும் ரெண்டரை மாசம்தான். ஆகட்டும், அப்புறம் இருக்கு உனக்கு!"

வெளியே முக்காலி இழுபட்டது, தாழ்ப்பாள் கிரீச்சிட்டது. கையில் பந்தோடு நின்றாள், கண் நிறையத் தண்ணீர்.

"இல்லத்தா. பிறைக் கணக்குல வருஷம் சின்னதுன்னு நீங்கதானே சொல்லித் தந்தீங்க. நாளைக்கு எனக்கு ஏழு."

பந்தை அவர் பக்கம் உருட்டிவிட்டாள்.

"விளையாட இன்னிக்கு ஒருநாள்தான் இருக்கு."