மணல்மேடு வரைக்கும்

“நல்லாச் சாப்பிடுங்க மாப்பிள்ள. இன்னும் நடக்க வேண்டியிருக்குது” என்று கைலாசம் தன் தட்டில் இருந்த அவித்த முட்டையை எடுத்து மருமகன் இனியனின் தட்டில் வைத்தார்.

அவர் மனைவி மஞ்சுளா திரும்பிப் பார்த்தாள். போன மாதம் வரை ‘அந்தப் பய’ என்றே சொல்லிவந்த மனுசன் வாயில் இந்த ‘ங்க’ எங்கிருந்து முளைத்தது?

“பாத்தியாம்மா உன்ற ஊட்டுக்காரர! என்னையக்கூட இப்பிடிக் கொஞ்சுனதில்ல” என்று மகள் நர்மதா சிரித்தாள்.

நர்மதாவும் இனியனும் யாரையும் கேட்காமல் பதிவாளர் அலுவலகத்தில் மாலை மாற்றிக்கொண்டவர்கள். இனியன் வேறு சாதி. கைலாசம் பல நாள் வீட்டில் யாரோடும் பேசவில்லை. பிறகு ஒருநாள் காலையில் காப்பியைக் குடித்துக்கொண்டே, “குடும்பமா எங்காச்சும் போயிட்டு வரலாம். கடலோரத்துல தேசியப் பூங்கா ஒண்ணு இருக்குதாம், டென்ட் அடிச்சுத் தங்கலாமாம்” என்றார். அவரே இடம் பதிந்தார். அவரே சேலத்திலிருந்து காரை ஓட்டி வந்தார்.

“அம்மா, விடியக்காலம் யாரோ ஈரக்காலோட டென்ட்டச் சுத்தி நடந்திருக்காங்க. வெறுங்காலு, சின்னப் பாதமா இருக்குது” என்றாள் நர்மதா.

“காவல்காரனா இருப்பான்” என்று கைலாசம் எழுந்துபோய் அந்தத் தடங்களைச் செருப்பால் தேய்த்துவிட்டார்.

பகலெல்லாம் காட்டுப் பாதையில் மான் பார்த்தார்கள், பூநாரை பார்த்தார்கள். பொழுது இறங்கும்போது கூடாரத்துக்குத் திரும்பினார்கள். எதிரே கடல்தண்ணீர் ஏறி இறங்கும் கழி. அதற்கு அப்பால் ஒரு மணல்மேடு. பொழுது சாய்ந்தால் கழியில் தண்ணீர் ஏறிவிடும், அந்தப் பக்கம் போகக் கூடாது என்று வனக்காவலர் மத்தியானமே எச்சரித்திருந்தார்.

கைலாசம் வேட்டியை மடித்துக் கட்டினார். “வாங்க மாப்பிள்ள. அந்த மணல்மேடு வரைக்கும் காலாற நடந்துட்டு வரலாம்.”

மஞ்சுளா இந்தக் குரலை முன்பே கேட்டிருக்கிறாள். இதே குரல். நர்மதா கைக்குழந்தையாக இருந்த வருசம், மல்லசமுத்திரத்துத் தோட்டத்தில் இதே குரலில்தான் மூத்த மகள் சௌமியாவைக் கூப்பிட்டார்: “வா சாமி, கெணத்துமேடு வரைக்கும் போயிட்டு வரலாம்.” சௌமியாவுக்கும் அப்போது ஒருத்தனைப் பிடித்திருந்தது. அப்பனும் மகளுமாகப் போனார்கள். அப்பன் மட்டும் திரும்பி வந்தார். கால் வழுக்கிவிட்டது என்றார். மஞ்சுளா மறுகேள்வி கேட்கவில்லை.

தோட்டத்தை விற்றுச் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வீடு வாங்கிய பிறகு அந்தப் பெயரை யாரும் எடுக்க அவர் விட்டதில்லை. சுவரில் படம் கிடையாது. திதி கிடையாது. ஊருக்கு மட்டுமில்லை, நர்மதாவுக்கே தான் ஒத்தப் பிள்ளை என்றுதான் தெரியும்.

“ஏனுங்க, நானும் வாரேன்” என்று மஞ்சுளா எழுந்தாள்.

“மூட்டுவலிய வெச்சுக்கிட்டு மணல்ல எங்க நடப்ப? உக்காரு.”

“நர்மதாவாச்சும் வரட்டுங்க…”

“ஆம்பளைங்க பேசறதுக்கு ஆயிரம் இருக்கும்.” இனியன் எடுத்த செல்போனைக் கைலாசம் பதமாக வாங்கிக் கூடாரத்துக்குள் போட்டார். “இது எதுக்குங்க மாப்பிள்ள? இங்கயே கெடக்கட்டும்.”

இருவரும் தாழம்புதரைத் தாண்டி மறைந்ததும் மஞ்சுளா மகளின் கையைப் பிடித்து உலுக்கினாள். “ஓடிப்போய் மாப்பிள்ளையக் கூட்டிட்டு வா. எனக்கு நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லு!”

“அப்பா இப்பத்தான் அவருகூடப் பேசவே ஆரம்பிச்சிருக்காரு. கெடுத்துப்புடாதம்மா.”

“உங்கப்பனப் பத்தி உனக்குத் தெரியாது சாமி.”

“என்ன தெரியாது? சொல்லு, தெரிஞ்சுக்கறேன்.”

  மஞ்சுளா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தானே கழியைப் பார்த்து ஓடினாள்.

தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மங்கிய வெளிச்சத்தில் எதிர்க்கரையிலிருந்து ஓர் ஆள் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தது. ஒரே ஓர் ஆள். மஞ்சுளா சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். “அய்யோ, என்ற புள்ள பொழப்புப் போச்சே!”

“அத்த! எதுக்குங்க சேத்துல உக்காந்திருக்கீங்க?”

இனியன்! மஞ்சுளா அவன் கையைத் தொட்டாள், தலையைத் தொட்டாள், ஈரக் காலைத் தொட்டாள். “உனக்கு ஒண்ணுமில்லையே சாமி? ஒண்ணுமில்லையே?”

“எனக்கென்னங்க? நல்லாத்தான இருக்கறேன்.”

பின்னாலேயே ஓடி வந்த நர்மதா மூச்சிரைக்கக் கேட்டாள். “அப்பா எங்க?”

“என்ற தோள்ல கையப் போட்டுக்கிட்டுத் தண்ணியோரமா வந்தாரு. ஆழமான எடம் ஒண்ணு காட்டறேன், வாங்கன்னாரு. அப்பத்தான் எதுக்க ஒரு அக்கா வந்தாங்க. தலமுடியெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம். ‘நீங்க திரும்பிப் போங்க தம்பி, நர்மதா பாத்துக்கிட்டிருப்பா’ன்னு சொல்லிட்டு, ‘அப்பா’ன்னு மாமா கையப் புடிச்சாங்க. மாமா ஒரு வார்த்த பேசல. கூடவே நடந்து போயிட்டாரு.”

 இனியன் லேசான மனத்தாங்கலோடு மாமியாரைப் பார்த்தான்.

“பெரிய பொண்ணு ஒருத்தரு இருக்கறத நீங்க சொல்லவே இல்லீங்களே, அத்த?”