முப்பது அடி

“போக்குவரத்துக்கு இடையூறு என்பதால் பள்ளிக்கூட வாசலில் வேகத்தடை தேவையில்லை” என்று நகராட்சி இன்ஜினியர் தம் குறிப்பை வாசித்து வாய் மூடவில்லை. பார்வையாளர் பக்கமிருந்து ஒரு மடக்கு நாற்காலி பறந்து வந்து அவர் நெற்றியைப் பதம் பார்த்தது.

எறிந்தவன் அதோடு விடவில்லை. மேசைமேல் தாவி ஏறி, ஒன்பதாம் தீர்மானத்தின் கோப்பை மிதித்துக்கொண்டு வந்து, இன்ஜினியரின் கழுத்தில் மைக் ஒயரைச் சுற்றி இறுக்கினான். ஆள் எருமைக்கடா மாதிரி இருந்தான்.

“மூணு தடவை மனு குடுத்தாங்களேடா! மூணு தடவையும் தேவையில்லை, தேவையில்லைன்னு எழுதினியே! இப்ப நாலாவது தடவையும் அதையேதான் எழுதியிருக்கியா?”

கவுன்சிலர்கள் கதவைப் பார்த்து ஓடினார்கள். ஒருவர் மேசைக்கடியில் புகுந்துகொண்டு, “போலீஸைக் கூப்பிடுங்கய்யா!” என்று அங்கிருந்தே உத்தரவு போட்டார். பள்ளிக்கூடத்து வார்டு கவுன்சிலர் மட்டும் தப்பித்தார். ஒன்பதாம் தீர்மானம் வருகிறது என்று தெரிந்ததுமே அவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

இன்ஜினியருக்குக் கண் இருட்டியது. கையில் அகப்பட்ட தண்ணீர் ஜக்கை எடுத்து அவன் வாயிலேயே ஓங்கி இடித்தார். உதடு கிழிந்து ரத்தம் அவர் சட்டையில் கொட்டியது. பிடி மட்டும் தளரவில்லை.

“திருப்பம் தாண்டினா முப்பதடி. முப்பதே அடியில பள்ளிக்கூட வாசல்! லோடு வண்டி முப்பதடியில நிக்குமாடா? படிச்சவன்தானே, சொல்லு! நிக்குமா?”

நிற்காது. இன்ஜினியருக்கே தெரியும். போய்ப் பார்க்காமல், நாற்காலியை விட்டு எழாமல் எழுதிய குறிப்பு அது. மூன்று மாதத்துக்கு முன் அதே வாசலில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி லாரிச் சக்கரத்தில் மாட்டிச் செத்துப்போனாள். அதன் பிறகும் அவர் குறிப்பை மாற்றவில்லை. மாற்றினால் முதலில் எழுதியது தப்பென்று ஆகிவிடுமே! துக்கம் கேட்கக்கூட அந்த வீட்டுப் பக்கம் அவர் தலைவைத்துப் படுக்கவில்லை. எந்த முகத்தோடு போவது?

அதற்குள் வாட்ச்மேன் தடியோடு ஓடி வந்தார். முதுகில் ஒன்று, தோளில் ஒன்று, கணுக்காலில் ஒன்று. ஒயர் கைநழுவ, அவன் மேசையிலிருந்து சரிந்து தரையில் விழுந்தான். வாட்ச்மேன் நிறுத்தவில்லை. அவனும் தடுக்கவில்லை, தலையைக்கூட மறைத்துக்கொள்ளாமல் மல்லாந்து கிடந்தான்.

“அடிங்க. நல்லா அடிங்க. எனக்கு வேணும்.”

அடுத்த அடி அவன்மேல் விழவில்லை. கூட்டம் தொடங்கியதிலிருந்து அவன் பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த நோஞ்சான் மனிதர் குறுக்கே பாய்ந்து, முழங்கையில் அதை வாங்கிக்கொண்டார். எலும்பில் பட்ட சத்தம் மன்றம் முழுக்கக் கேட்டது.

“விட்டுருங்க” என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு. “ஒரு உயிர் போனது போதும்.”

தடி தாழ்ந்தது. கீழே கிடந்தவனின் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதம் நழுவி விழுந்திருந்தது. கழுத்தைத் தடவிக்கொண்டே இன்ஜினியர் அதை எடுத்துப் பிரித்தார். செய்தித்தாளில் வந்த படத்தைக் கத்தரித்து வைத்திருந்தான். இரட்டைச் சடை, முன்பல் இல்லாத சிரிப்பு. மடித்து மடித்துப் பார்த்ததில் காகிதம் நடுவே கிழிந்திருந்தது.

நெற்றி ரத்தம் கண்ணில் வழிந்ததைத் துடைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

நகராட்சித் தலைவி மூச்சு வாங்க அருகே வந்தார். “போலீஸ் வந்துட்டிருக்கு. கொலை முயற்சின்னு எழுதிக் குடுங்க சார். ஆள் ஏழு வருஷத்துக்கு வெளிய வர முடியாது.”

“வேண்டாம்மா.”

“மண்டை பொளந்திருக்கு, வேண்டாங்கறீங்க?”

“படியில வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிக்கிறேன். புள்ளையைப் பறிகொடுத்தவன்மா அவன். அவன் இடத்துல நான் இருந்திருந்தா இந்நேரம் கொன்னே போட்டிருப்பேன்.”

தலைவி மேசைக்கடியில் இருந்தவரை வெளியே வரச் சொன்னார்.

இன்ஜினியர் மிதிபட்ட கோப்பைப் பொறுக்கி எடுத்தார். ‘தேவையில்லை’ என்பதை அடித்துவிட்டு, ‘உடனே தேவை. இதற்கு முன் நான் எழுதியது தவறு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஓடிய கவுன்சிலர்கள் திரும்பி வந்து உட்கார, ஒன்பதாம் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. தூக்கிய கைகளில் பாதி இன்னும் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தன.

நோஞ்சான் மனிதர் தரையில் உட்கார்ந்து, அடிபடாத கையால் அவன் வாயில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவன் சத்தம் வராமல் குலுங்கிக் குலுங்கி அழுதான். செத்த பிள்ளைக்குத் தாய்மாமனாக இருக்கும் என்று எண்ணியபடி இன்ஜினியர் அவர் முன்னால் முட்டி போட்டார்.

“அண்ணே, உங்க மச்சான்கிட்ட நீங்கதான் எடுத்துச் சொல்லணும். என்னை மன்னிக்கச் சொல்லுங்க. பெத்த மனசு எப்படிப் பத்தி எரியும்னு எனக்கு இன்னைக்குத்தான் புரிஞ்சுது.”

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“பெத்தவன் நான் சார். இவரு லாரி ஓட்டினவரு.”